கேக்கில் வழியும் சாக்லேட்: சரக்கறிந்து விற்போம்



துவரம் பருப்பையும் புளியையும் கையில் எடுத்துப் பார்த்தே நாம் தரம் சொல்லிவிடுவோம். ஆனால் இன்று நமது கடைகளில் கேக் சாமான்களும் ஓர் அலமாரியைப் பிடித்துக் கொண்டுவிட்டன. வீட்டிலேயே கேக் செய்து ஆர்டருக்குக் கொடுக்கும் பெண்கள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதை எடுத்துக் கொடுக்கிறோமே தவிர, அது எதற்குப் பயன்படுகிறது என்று நம்மில் பலர் அறிவதில்லை. நாமும் அறியாமல்தான் இருந்தோம்.

ஒருநாள் நமது கடையில் ஓர் அம்மாள் வெள்ளைச் சாக்லேட் கட்டி அரைக் கிலோ வாங்கினார். பிறந்தநாள் கேக்கின் ஓரத்தில் சிவப்பாக வழியவிட வேண்டும், கலர் கொடுங்கள் என்றார். கேசரிக்கு விற்கும் தண்ணீர்க் கலர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தோம். மாலையில் திரும்பி வந்தார். உருக்கிய சாக்லேட்டில் கலரை விட்டதுமே அது திரிந்து கட்டி தட்டிவிட்டதாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் கைநழுவிய ஆர்டரை எப்படித் திருப்பிக் கொடுப்பது? சரக்கில் குற்றமில்லை, குற்றம் நம்முடையது. அதன்பிறகு விசாரித்துக் கற்றுக்கொண்டதை இங்கே தருகிறோம்.

1. கலவை: வழியவிடும் கலவைக்கு கனாஷ் என்று பெயர். கருப்புச் சாக்லேட் 100 கிராமுக்கு கிரீம் 100 கிராம். வெள்ளைச் சாக்லேட் இளகலானது. ஆகவே 300 கிராமுக்கு கிரீம் 100 கிராம் போதும். கிரீமைக் கொதி வரும் நிலையில் இறக்கி, நறுக்கிய சாக்லேட் மீது ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்க வேண்டும். கிரீமுக்குக் கிரீம் கொழுப்பு மாறுபடும். அதற்கேற்ப அளவைச் சிறிது கூட்டிக் குறைக்கலாம்.

2. பக்குவம்: கேக் குளிர்பெட்டியில் இருந்து நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். கலவை சுமார் 32 டிகிரிக்கு ஆறியிருக்க வேண்டும். விரலால் தொட்டால் சூடு தெரியக் கூடாது. சூடாக ஊற்றினால் தட்டு வரை ஓடி, கேக்கின் கிரீமையும் உருக்கிவிடும். அதிகம் ஆறினால் பாதியிலேயே நின்றுவிடும். முதலில் கேக்கின் பின்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பிறகு ஓரம் முழுதும் விட்டு, கடைசியில் மேற்பரப்பை நிரப்ப வேண்டும்.

3. கலர்: உருக்கிய சாக்லேட்டில் சிறிது தண்ணீர் பட்டாலும் கட்டி தட்டும். தனிச் சாக்லேட்டுக்கு எண்ணெயில் கரையும் கலர்தான் கொடுக்க வேண்டும். கிரீம் சேர்த்த கனாஷுக்கு ஜெல் கலர் கொடுக்கலாம்.

4. காம்பவுண்ட், கூவர்சர்: காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள், விலை குறைவு, கையாளுவது எளிது. கூவர்சரில் கோகோ வெண்ணெய் மிகுதி, விலையும் கூடுதல். உறையில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துச் சொல்லி விற்க வேண்டும். ஒன்றைக் கேட்டவருக்கு மற்றொன்றைக் கொடுப்பது நாணயமல்ல.

5. இருப்பு: கோகோ வெண்ணெய் 34 டிகிரி அளவிலேயே உருகிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் குடோன் தாங்காது. உருகி மீண்டும் இறுகிய கட்டியில் வெண்படலம் தெரியும். பெரும்பாலும் அது பூஞ்சை அல்ல. கொழுப்பு மேலே வந்து படிந்தது. சாப்பிட்டால் கெடுதியில்லை, ஆனால் வாங்குபவர் கெட்டுப்போனது என்றே நினைப்பார். குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். சாக்லேட் வாசனையை இழுக்கும். பெருங்காயம், சோப்பு, ஊதுவத்தி அருகில் வைக்காதீர்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும்.

அந்த அம்மாள் பிறகு நமது கடைப் பக்கம் வரவில்லை. இன்று நமது கடையில் எண்ணெய்க் கலர் இருக்கிறது, அவர்தான் இல்லை. ஆகவே கேக் சாமான் கேட்டு யார் வந்தாலும், தராசில் கை வைக்குமுன் "எதற்கு அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு முதலீடு தேவையில்லை. ஆனால் அது வாடிக்கையைக் காப்பாற்றும்.