தரகர் இல்லாமல் வீடு விற்பவர் கவனத்திற்கு

மும்பைக்கு வேலைக்கு வந்து, செம்பூரிலோ முலுண்டிலோ டோம்பிவிலியிலோ ஒரு பிளாட் வாங்கி, பிள்ளைகளை ஆளாக்கி, ஓய்வு பெற்றபின் கோவைக்கோ திருச்சிக்கோ திரும்ப நினைக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் கையில் உள்ள ஒரே பெரிய சொத்து அந்த பிளாட்தான். அதை விற்கும்போது தரகுக்கு எவ்வளவு போகும் என்ற கவலை எழுவது இயல்பு.

இங்கே தரகர்கள் விற்பவரிடம் வழக்கமாகக் கேட்பது விலையில் 1 முதல் 2 சதவீதம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 2 லட்சம்; தரகர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் 18 சதவீத வரியும் சேர்ந்து 2,36,000 ரூபாய். இணையத்தில் சொத்து விளம்பரம் செய்யும் சில நிறுவனங்களோ, வீட்டின் விலை எதுவாயினும் ஒரே கட்டணம் வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் பெரிதுதான். ஆனால் தரகருக்கு வீடு விற்றால்தான் காசு. விளம்பர நிறுவனத்துக்கு விற்காவிட்டாலும் காசு. விலை நிர்ணயிப்பது, வீட்டைக் காட்டுவது, வருபவர் உண்மையில் வாங்கக்கூடியவரா என்று பார்ப்பது எல்லாம் நம் தலையில் விழும்.

பலர் சறுக்குவது விலையில்தான். விளம்பரத்தில் காண்பது கேட்கிற விலை, கிடைத்த விலையல்ல. மகாராஷ்டிரப் பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் ‘இ-சர்ச்’ என்று ஒரு வசதி உண்டு. ஊர், ஆண்டு, மனை எண் கொடுத்துத் தேடினால், பதிவான விற்பனைகளின் ‘இண்டெக்ஸ் 2’ படிவம் கிடைக்கும். விற்ற தொகை, பரப்பளவு, பதிவு தேதி, அரசு மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். நம் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் கடந்த ஓராண்டில் விற்ற நாலைந்தைப் பார்த்தாலே நிலவரம் புரிந்துவிடும். படிவம் மராத்தியில் இருக்கும். இங்கே பள்ளியில் படித்த பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு கோடி பெறும் வீட்டை விவரம் தெரியாமல் 97 லட்சத்துக்குக் கொடுத்துவிட்டால், மிச்சம் பிடித்த தரகைவிட இழப்பே அதிகம்.

கட்டணம் செலுத்துமுன், விளம்பரம் எத்தனை நாள் இருக்கும், நம் தொலைபேசி எண் தரகர்களுக்கும் போகுமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் வாங்குபவரைவிடத் தரகர்களின் அழைப்பே அதிகம் வரும்.

ஷேர் சர்டிபிகேட், முந்தைய ஒப்பந்தங்களின் அசல், வீட்டுக் கடன் தீர்ந்த கடிதம், பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற சான்று ஆகியவற்றை விளம்பரத்துக்கு முன்பே எடுத்து வையுங்கள். மாதிரித் துணைவிதிகளின்படி ஹவுசிங் சொசைட்டிக்கு மாற்றுக் கட்டணம் 500 ரூபாய். மாநகராட்சிப் பகுதிகளில் பிரீமியம் அதிகபட்சம் 25,000. அதற்கு மேல் ‘நன்கொடை’ கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை.

முன்பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். ‘இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் வந்துவிடும்’ என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், பெறுவதற்கு வேண்டாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவார். அது நஷ்டமல்ல; நம் வரிக்கணக்கில் வரவாகும். லாபத்தின் மீதான வரியைப் பற்றி ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது. விற்ற 2 ஆண்டுக்குள் ஊரில் வீடு வாங்கினால் சலுகை உண்டு.

பிளாட்டைப் பூட்டிவிட்டு ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. வருகிறவருக்குக் கதவு திறக்க ஆள் வேண்டுமே! அவர்கள் தரகரையே வைத்துக்கொண்டு, சதவீதத்துக்குப் பதில் ஒரு நிலையான தொகை பேசலாம். அதைப் பதிவு முடிந்த அன்றுதான் கொடுப்பது என்றும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.