ஆறு ஏறும் மாதத்தில் அயுத்தயா

அன்புள்ள பாப்பாவுக்கு,

செப்டம்பர் கடைசியில் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு தாய்லாந்தின் அயுத்தயாவுக்குக் கிளம்புகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். "கொட்டுற மழையில எதுக்குடா இந்தப் பயணம், டிசம்பர்ல போகச் சொல்லேன்" என்று என்னைச் சிபாரிசுக்கும் பிடித்தாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரைத் தண்ணீர் ஏறி நிற்கும்போது பார்க்காதவர்கள் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதே சமயம், விவரம் தெரியாமல் போனால் நாலு நாளும் விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருப்பாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆறுகளைப் பார். மேற்கிலும் தெற்கிலும் சாவ் பிரயா, வடக்கே லோப்புரி, கிழக்கே பா சாக். நம் ஸ்ரீரங்கம் போல ஆறு சூழ்ந்த தீவு அது. ஆனால் கிழக்குப் பக்கம் இயற்கையாக அமைந்ததல்ல, கால்வாய் வெட்டி ஊரைத் தீவாக்கினார்கள். நம் அயோத்தியின் பெயரை இட்டு 1350இல் ராமாதிபோதி மன்னர் இதைத் தலைநகராக்கினார். நானூறு வருஷத்துக்கும் மேல் சயாமை ஆண்ட ஊர். ஊருக்குள் தெருக்களைவிடக் கால்வாய்களே பிரதானம். கோட்டைச் சுவர் செங்கல்லில் இருந்தாலும் உண்மையான அரண் மழைதான். எதிரி வறண்ட மாதங்களில் வந்து முற்றுகையிடுவான். ஐப்பசியில் வயலெல்லாம் கடலாகும்போது கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவான். இதை நம்பியே அவர்கள் பலமுறை தப்பித்தார்கள்.

ஆனால் 1766இல் வந்த பர்மியப் படை திரும்பவில்லை. மேட்டு நிலங்களில் முகாம் போட்டது, படகுகளைச் சேர்த்துக்கொண்டது, வெள்ளம் வடியும் வரை அப்படியே கிடந்தது. தண்ணீர் வற்றிய பிறகு சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அஸ்திவாரத்தில் தீ வைத்தது. 1767 ஏப்ரல் 7 அன்று நகரம் விழுந்தது. நீ பார்க்கப்போகிற தலையில்லாத புத்தர்களில் பலவும் கரி படிந்த செங்கல்லும் அந்த முடிவை ஒட்டியவை. வறண்ட மாதத்தில் போய் நின்றால் இந்தக் கதை வெறும் வருஷக் கணக்காகவே தெரியும். ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடும்போது, இந்த ஊர் எதை நம்பி இருந்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்றையும் புரிந்துகொள். அயுத்தயாவில் ஏறும் வெள்ளம் அயுத்தயாவில் பெய்த மழை இல்லை. வடக்கு மலைகளில் பெய்தது பிங், நான் என்ற ஆறுகளில் இறங்கி, நக்கோன் சவானில் ஒன்றாகிச் சாவ் பிரயாவாக வருகிறது. நடுவில் சாய்நாட்டில் ஓர் அணை. கடலை நோக்கிய சரிவு மிகக் குறைவு என்பதால் தண்ணீர் அவசரப்படாது. உன் தலைக்கு மேல் வெயில் காயும் நாளில் ஆறு ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே வானத்தைப் பார்த்துத் திட்டம் போடாதே, விடுதிக்காரரிடம் "அணையில் எவ்வளவு திறக்கிறார்கள்?" என்று கேள். அங்கே அதுதான் எல்லோரும் பேசுகிற பேச்சு. திறப்பு கூடினால் தீவுக்கு வெளியே மேற்கிலுள்ள பாங் பான், சேனா போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். அந்த வயல்களில் வேண்டுமென்றே தண்ணீரைத் தேக்குவதும் உண்டு, கீழே பாங்காக் நனையாமல் இருப்பதற்காக. அதனால் அந்தப் பக்கம் கேமராவோடு வேடிக்கை பார்க்கப் போகாதே. இடுப்பளவு தண்ணீரில் அடுப்பைத் தூக்கி வைத்துச் சமைக்கிறவளின் வீடு நமக்குக் காட்சிப்பொருள் இல்லை. 2011இல் தாய்லாந்தில் எண்ணூறு பேருக்கு மேல் வெள்ளத்தில் இறந்தார்கள். இதே அயுத்தயாவின் தொழிற்பேட்டைகள் மூழ்கி, உலகம் முழுக்க ஹார்டு டிஸ்க் தட்டுப்பாடு வந்தது. ஆற்றங்கரையில், தீவுக்கு வெளியே இருக்கிற வாட் சைவத்தனாராம் கோயிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. அது 1630இல் பிரசாத் தோங் மன்னர் கட்டியது. நீ போகும்போது கரையில் தடுப்புச் சுவர் எழும்பியிருக்கலாம். அதற்கு அந்தப் பக்கம் ஆறு உன் முழங்கால் உயரத்துக்கு மேலே ஓடுகிறதா என்று நின்று பார்.

பாங்காக்கிலிருந்து ரயிலில் போ, மூன்றாம் வகுப்பு. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே நீர் நிறைந்த வயல்களைப் பார்க்கலாம், சாரல் அடித்தால் பலகையை ஏற்றிவிடு. ஸ்டேஷனுக்கு எதிரே நேராக நடந்தால் படகுத்துறை. சில பாட் கொடுத்தால் பா சாக் ஆற்றைக் கடந்து தீவில் இறக்கிவிடுவார்கள். இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே வாடகை சைக்கிள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதே, நகலோ பணமோ கொடு.

பாஸ்போர்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் முதல் பயணத்தில் பைக்கு மழை உறை போட்டிருந்தேன், அது போதும் என்று நம்பினேன். சாயங்காலம் பார்த்தால் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை மை அடுத்த பக்கத்துக்குப் பரவியிருந்தது. திரும்பும் வரை வயிற்றைக் கலக்கியது. உறை வெளியே இருந்தால் போதாது. பைக்கு உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் துணிகளை அடுக்கு. காகிதங்கள் தனியாக இரண்டு கவருக்குள் இருக்கட்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், இரண்டு நாளானாலும் காயாது. குதிகாலைப் பிடிக்கிற வார் வைத்த செருப்பு ஒன்று போதும். காலில் கீறல் இருந்தால் தேங்கிய நீரில் இறங்காதே, எலிக்காய்ச்சல் அங்கே நிஜமான ஆபத்து. ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல். டெங்குவும் உண்டு, கொசு மருந்து பகலிலும் பூசிக்கொள்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த மழை மாதங்களில் தாய்லாந்து பிக்குகள் ஊர் ஊராகப் போக மாட்டார்கள். ஜூலை பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி மூன்று மாதம் ஒரே விகாரையில் தங்குவார்கள். நம் சாதுர்மாசியம் போலத்தான். நடந்தால் இளம் பயிரையும் மழைப் பூச்சிகளையும் மிதிக்க நேரும் என்பது பழைய காரணம். நீயும் அப்படிச் செய். பத்துக் கோயில் பட்டியலோடு ஓடாதே. காலையில், மழை பெரும்பாலும் வராத நேரத்தில், ஒரே ஓர் இடிபாடு. மத்தியானத்துக்கு மேல் கூரையுள்ள ஓர் இடம்.

காலைக்கு வாட் மகாதாட். அரச மர வேர்கள் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும் புத்தர் தலை அங்கேதான். படம் எடுக்கும்போது உன் தலை அதைவிட மேலே இருக்கக் கூடாது, உட்கார்ந்துகொள். ஈரச் செங்கல்லில் பாசி வழுக்கும், ஏறாதே. மறுநாள் பக்கத்திலுள்ள வாட் ராட்சபுரணா. 1957இல் அதன் நிலவறையைத் திருடர்கள் உடைத்தார்கள். மிஞ்சிய தங்கமெல்லாம் சாவ் சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மழை பிடித்துக்கொண்டால் அங்கே போய்விடலாம்.

எனக்குப் பிடித்த மழை ஒதுக்கிடம் வாட் பனன் சோங். இரண்டு ஆறுகள் கூடும் முனையில், தலைநகருக்கும் மூத்ததாக, 1324இல் எழுந்த கோயில். உள்ளே பத்தொன்பது மீட்டர் உயரப் புத்தர், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கூரையில் மழை அறைய, ஊதுபத்திப் புகை எழும்ப, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திரு. பிறகு வெளியே வந்து படித்துறையில் நில். பச்சைத் தாமரைத் தண்டும் ஆகாயத்தாமரைத் திட்டும் மிதந்து வரும். அவை போகும் வேகத்தைப் பார்த்தாலே ஆற்றின் பலம் தெரியும்.

சாவ் பிரயா சமவெளியில் வெள்ளத்தோடு சேர்ந்து வளரும் நெல் ஒன்று உண்டு. நம் ஏரி மடுவில் விதைக்கும் மடுமுழுங்கிக்கு உறவு என்றே நான் நினைத்துக்கொள்வேன். தண்ணீர் ஏற ஏற தண்டு நீளும், ஒரே நாளில் இருபது சென்டிமீட்டர் வரைகூட. பாசன வசதி வந்தபின் அதை விதைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். விளக்கம் சொல்ல யாராவது கிடைத்தால் ஒரு வயலைக் காட்டச் சொல்.

கடைசியாக, சாயங்காலம் மழை விட்டதும் ரொட்டி சாய் மாய் விற்கும் வீதிக்குப் போ. தளர்ந்த மாவு உருண்டையைக் கையில் அலைய விட்டபடி விற்கிற அம்மா சூடான கல்லில் ஒரு ஒற்று ஒற்றி எடுப்பார். கல்லில் கண்ணாடிபோல ஒரு தோல் மட்டும் ஒட்டியிருக்கும், பத்து எண்ணுவதற்குள் ஓரம் தூக்கும், உரித்துவிடுவார். அதில் சோன்பப்டிபோல இழுத்த சர்க்கரை நூலை வைத்துச் சுருட்டித் தின்ன வேண்டும். விற்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். அக்காவுக்கு வாங்கிக்கொண்டு வர நினைக்காதே. அந்த ஈரக் காற்றில் நூல் இரவுக்குள் கட்டியாகிவிடும். கல்லிலிருந்து தோலை உரிப்பதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா