விலை ஏறிய தெருவும் கிரைய ஒப்பந்தத்தின் கெடுவும்

கேள்வியின் சுருக்கம்: மதுரை மாநகராட்சியின் விரிவாக்கப் பகுதியில், குறைந்த வருவாய்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் சிறிய மனைப்பிரிவு ஒன்றில், இரண்டு சென்ட் மனையும் அதிலுள்ள சிமென்ட் ஷீட் வீடும் 14 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடிக்கப்பட்டு, 2023 ஜனவரி 20 அன்று பதிவு செய்யப்படாத கிரைய ஒப்பந்தம் எழுதப்பட்டது. முன்பணம் 2 லட்சம் வங்கி வழியாகச் சென்றது. மீதியை 2023 ஜூலை 20-க்குள் செலுத்திக் கிரையம் பெற வேண்டும் என்பது நிபந்தனை. கெடு கழிந்த பின் மேலும் 1 லட்சம் ரொக்கமாகத் தரப்பட்டது. அதற்கு ரசீது இல்லை. மூல ஒப்பந்தம் தரகரிடம் இருக்கிறது. வீட்டின் உரிமையாளர் சென்ற மாதம், இன்றைய விலை 26 லட்சம் என்றும், வேண்டுமானால் முன்பணத்தைத் திருப்பித் தருவதாகவும் கூறிவிட்டார். மறுப்பு வந்ததே இப்போதுதான் என்பதால் வழக்குப் போட இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறதல்லவா என்றும், பகுதியின் விலை நிலவரத்தைக் காட்டிப் பழைய விலைக்கே கிரையம் பெற முடியுமா என்றும், கெடு முடிந்து இரண்டேமுக்கால் ஆண்டு ஆனபின் வாசகர் கேட்கிறார்.

பதில்: முதல் கேள்விக்கான விடை ‘இல்லை’ என்பதே, இரண்டாவது கேள்வியின் முடிவும் அந்த முதல் விடையைப் பொறுத்தே அமையும். ஒப்பந்தப்படி கிரையம் எழுதித்தரக் கோரும் வழக்கு ‘ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு’ எனப்படும். அதாவது நட்ட ஈடாகப் பணம் கேட்காமல், ஒப்புக்கொண்ட செயலையே செய்யுமாறு எதிர்த்தரப்புக்கு ஆணையிடும்படி நீதிமன்றத்தை வேண்டுவது. இத்தகைய வழக்குக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 54-ஆம் உறுப்பு மூன்று ஆண்டு அளிக்கிறது என்றாலும், அந்த மூன்று ஆண்டு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதை அவ்வுறுப்பு இரு வகையாகப் பிரிக்கிறது. ஒப்பந்தத்தில் நாள் குறிக்கப்பட்டிருந்தால் அந்த நாளிலிருந்தும், நாள் குறிக்கப்படாதிருந்தால் மட்டுமே மறுப்பு தெரியவந்த நாளிலிருந்தும் காலம் கணக்கிடப்படும். வாசகரின் ஒப்பந்தத்தில் நாள் குறிக்கப்பட்டிருப்பதால், உரிமையாளர் சென்ற மாதம் சொன்ன மறுப்புக்குக் காலக் கணக்கில் இடமே இல்லை. கெடுவை நீட்டித்து உரிமையாளர் எழுத்தில் கையொப்பமிட்டிருந்தாலன்றி, வழக்குத் தொடர உள்ள கடைசி நாள் 2026 ஜூலை 20 என்றே கொள்ள வேண்டும். அதைத் தாண்டித் தாக்கல் செய்யப்படும் வழக்கை, எதிர்த்தரப்பு காலவரையறையைப் பற்றி வாய் திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும் என்று அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு கூறுகிறது. மே மாதத்தில் உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை வருவதால், எஞ்சியுள்ள மூன்று மாதம் நடைமுறையில் இரண்டே மாதம்தான்.

வாசகர் கடிதத்துடன் அனுப்பியுள்ளவை பெரும்பாலும் விலை பற்றியவை: பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு அச்சுப்படி, அதே தெருவில் நடந்த இரண்டு கிரையங்களின் நகல், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு விவரம், வாசகரே வீடு வீடாகச் சென்று எழுதிய கோடிட்ட நோட்டுப் பக்கங்கள். அந்த நோட்டில் ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் எதிரே சொந்த வீடா வாடகையா, எத்தனை பேர், கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்று பென்சிலில் எழுதி, ஐயமுள்ள இடத்தில் கேள்விக்குறியும் இடப்பட்டுள்ளது. மதுரை மாநகராட்சி 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்து 147.99 சதுர கிலோமீட்டர் ஆனபோது உள்ளே வந்த புறநகர்ப் பகுதிகளில் விலை எவ்வாறு நகர்ந்தது என்பதை ஆராய்பவருக்கு இந்தப் பக்கங்கள் உண்மையாகவே மதிப்புள்ளவை. இவ்வளவு பொறுமையுடன் திரட்டிய உழைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆயினும் வழக்கில் இவற்றின் பயன் வாசகர் எண்ணுவதற்கு நேர் எதிரானது.

முதலாவதாக, வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வசூலிப்பதற்காக அரசு வகுத்து வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோலே தவிர, சந்தை விலைக்குச் சான்று ஆகாது. இதே தன்மையுள்ள மதிப்புப் பதிவேட்டைச் சந்தை விலைக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று ஜவாஜி நாகநாதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்துள்ளது. தமிழ்நாட்டில் 2017 ஜூன் மாதம் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டதும், 2023-இல் மீண்டும் பழைய அளவுக்கு ஏற்றப்பட்டதும் நிர்வாக முடிவுகள்; அவற்றைக் கொண்டு ஒரு தெருவின் உண்மை விலை ஏறியதாகவோ இறங்கியதாகவோ சொல்ல இயலாது. சந்தை விலையைக் காட்டத் தகுந்தவை அண்டை மனைகளின் பதிவு பெற்ற கிரையப் பத்திரங்களே.

இரண்டாவதாக, அந்தப் பத்திரங்கள் மெய்ப்பிப்பது எதை? ஏறத்தாழ மூன்றேகால் ஆண்டில் விலை இரு மடங்கை நெருங்கியது என்பதைத்தானே? அதை மெய்ப்பிக்க விரும்புபவர் வாசகர் அல்லர், வீட்டின் உரிமையாளர். இதற்கான முன்னுதாரணம் மதுரையிலேயே தோன்றியது. கே. எஸ். வித்யாநாதம் எதிர் வைரவன் வழக்கில், 1978 டிசம்பரில் மதுரையில் ஒரு வீட்டுக்கு 60,000 ரூபாய் விலை பேசி, 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, ஆறு மாதக் கெடு வைக்கப்பட்டது. வாங்க வந்தவர் இரண்டரை ஆண்டு வாளாவிருந்துவிட்டு 1981-இல் வழக்குக்கு வந்தார். வழக்கு மூன்று ஆண்டுக்குள் போடப்பட்டது என்ற போதிலும், அதற்குள் விலை மும்மடங்காக உயர்ந்திருந்ததையும், 1973-க்குப் பின் நகர்ப்புறச் சொத்து விலை விரைந்து ஏறிவருவதையும் கருத்தில் கொண்டு, இந்நிலையில் பழைய விலைக்குக் கிரையம் எழுத ஆணையிடுவது நீதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் மறுத்துவிட்டது. விலை ஏறியது என்ற ஒரே காரணத்தால் நிவாரணம் மறுக்கப்படுவதில்லை என்பது சரியே. விலை ஏறிக்கொண்டிருந்த காலம் முழுவதும் வாங்குபவர் சும்மா இருந்தார் என்பதும் அதனோடு சேரும்போதுதான் அது வழக்கைக் கவிழ்க்கிறது. வாசகரின் நோட்டு அந்த ஏற்றத்தைக் கதவு எண் வாரியாக எழுதிக் காட்டுகிறது.

2018-இல் திருத்தப்பட்டு அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின்படி, இவ்வகை நிவாரணம் இனி நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்ததன்று என்ற வாதம் வாசகருக்கு உண்டு. ஒப்பந்தம் 2023-இல் எழுதப்பட்டதால் அத்திருத்தம் அதற்குப் பொருந்தும். ஆனால் அச்சட்டத்தின் 16(இ) பிரிவின் அடிப்படைத் தேவை மாறவில்லை. ஒப்பந்த நாள் முதல் தம் கடமையை ஆற்றத் தாம் தொடர்ந்து தயாராகவும் விருப்பத்துடனும் இருந்ததை வாங்குபவர் மெய்ப்பிக்க வேண்டும் என்று அது கோருகிறது. ‘தயார்’ என்பது பணவசதியையும், ‘விருப்பம்’ என்பது நடத்தையையும் குறிக்கும். எஞ்சிய 12 லட்சத்தைக் குறித்த நாளில் செலுத்தும் வசதி இருந்தது என்பதற்கு வங்கிக் கணக்கு விவரமோ, வீட்டுக்கடன் ஒப்புதல் கடிதமோ, நகைக்கடன் சீட்டோ கடிதத்தில் ஒன்றும் குறிப்பிடப்படவில்லை. வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இவ்விடத்தில் சில கடுமையான சொற்களைத் தவிர்க்க முடியாது. தெரு முழுவதும் அலைந்து அயலாரின் வீட்டு விலையைக் குறித்தவருக்கு, தம் சொந்த ஒப்பந்தத்தின் மூலப்படியைத் தரகரிடமிருந்து வாங்கி வைக்க இரண்டேமுக்கால் ஆண்டில் ஒரு நாள் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. மீதிப் பணத்துடன் காத்திருக்கிறேன், கிரையம் எழுதித் தாருங்கள் என்று ஒப்புகை அட்டையுடன் ஒரு பதிவுத் தபால் அனுப்பப்பட்டிருந்தால், அந்தச் சிறிய செலவு இன்று விருப்பத்துக்கு முதன்மையான சான்றாக நின்றிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கெடு முடிந்தபின் தந்த ஒரு லட்சம்! அதைப் பெற்றுக்கொண்டதாகவும் காலத்தை நீட்டிப்பதாகவும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் உரிமையாளர் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டிருந்தால், கெடுவே நகர்ந்திருக்கும், வித்யாநாதம் தீர்ப்பின் கூர்மையும் மழுங்கியிருக்கும். அசையாச் சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்துள்ள நிலையில், ரசீதும் இன்றி வங்கியும் இன்றிக் கைமாறிய அந்தப் பணத்தை உரிமையாளர் மறுத்தால் மெய்ப்பிப்பது அரிது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் முதல் வீடு வாங்க வரும் குடும்பங்களே இவ்வாறு முகதாட்சண்யத்துக்குக் கட்டுப்பட்டு எழுத்தைக் கேட்கக் கூச்சப்படுகின்றன என்பதும், இழப்பைத் தாங்க இயலாதவர்களும் அவர்களே என்பதும் இதை இத்தனை விரித்துச் சொல்ல வைக்கின்றன.

ஒப்பந்தம் பதிவாகவில்லை என்பதைக் குறித்து வாசகர் மிகவும் அஞ்சுகிறார். அவ்வளவு அச்சம் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தப் பதிவு கட்டாயம் என்றாலும், பதிவுச் சட்டத்தின் 49-ஆம் பிரிவிலுள்ள விலக்கின்படி ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் பதிவு பெறாத ஒப்பந்தத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று ஆர். ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதி செய்துள்ளது. முத்திரைத்தாள் குறைவாயிருந்தால் குறைவுத் தொகையையும் அபராதத்தையும் செலுத்த நேரிடும்.

கிரையம் கிடைக்காமற்போனாலும் முன்பணம் போய்விடாதிருக்க, அதைத் திருப்பித் தருமாறு மாற்றுக் கோரிக்கையைப் பிராதிலேயே சேர்க்க வேண்டும். கேளாத முன்பணத்தை நீதிமன்றம் தானாக வழங்காது என்பது குறித்தவகைத் தீருதவிச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. தவிர, சொத்து மாற்றுரிமைச் சட்டத்தின் 55(6)(ஆ) பிரிவு, கிரையம் பெறத் தகாத முறையில் மறுக்காத வாங்குபவருக்கு, அவர் கொடுத்த முன்பணத்துக்கு ஈடாக அந்தச் சொத்தின் மீதே ஒரு பொறுப்புரிமை அளிக்கிறது. அதை நிறைவேற்றக் காலவரையறை 12 ஆண்டு. வங்கி வழியே சென்ற 2 லட்சத்துக்கு இது நல்ல பாதுகாப்பு.

உரிமையாளர் இடைப்பட்ட விலை ஒன்றைப் பேசி வந்தால், புதிய தொகை எழுதிய எந்தத் தாளிலும் வழக்கறிஞர் பார்க்காமல் கையொப்பமிடக் கூடாது. அது பழைய ஒப்பந்தத்தை நீக்கிப் புதிய ஒப்பந்தமாகிவிடக் கூடும். ‘முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்’ என்ற சீட்டும் அவ்வாறே. மேலும், மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, அல்லது 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளுக்கான 2017-ஆம் ஆண்டு வரன்முறை விதிகளின்கீழ் முறைப்படுத்தப்பட்டதா என்று பார்க்காமல் வழக்கில் இறங்குவது வீண். அங்கீகாரமில்லா மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு குறுக்கே நின்றால், தீர்ப்பு வாங்கியும் பதிவு நடைபெறாமல் போகலாம்.

பத்திரங்களை நேரில் காணாமல் எழுதப்படும் இப்பதில், கடிதத்தில் சொல்லப்பட்டவற்றை மட்டுமே நம்பி அமைந்தது. ஆகவே வாசகர் இவ்வாரமே உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் சந்திக்க வேண்டும். செல்லும்போது தரகரிடமிருந்து பெற்ற மூல ஒப்பந்தம், 2023 ஜனவரி முதல் இன்றுவரையிலான வங்கிக் கணக்கு விவரம், உரிமையாளருடன் நடந்த கைப்பேசிச் செய்திகள் அழிக்கப்படாத நிலையில், மனையின் மூலப் பத்திர நகல், இன்றைய தேதியிட்ட வில்லங்கச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும். உரிமையாளர் வேறொருவருக்கு விற்க முயல்வதாக வில்லங்கச் சான்றிலோ அக்கம்பக்கத்திலோ அறிகுறி தெரிந்தால், அதையும் சொல்லி இடைக்காலத் தடையுத்தரவுக்கு மனு தயாரிக்கக் கேட்க வேண்டும். தரகர் மூல ஒப்பந்தத்தைத் தர மறுத்தால் அதற்காகக் காத்திராமல் நகலுடனேயே செல்லலாம். நோட்டுப் பக்கங்களை வழக்கறிஞரிடம் காட்டலாம். ஆனால் அவர் சொல்லாமல் அவற்றை உரிமையாளரிடமோ பஞ்சாயத்துப் பேச வருபவரிடமோ காட்ட வேண்டாம்.