உழவு இயந்திரப் பற்றறியின் முனைகளைத் துப்புரவு செய்தலும் பேணலும்

காலபோக மழைக்கு முன்னர் உழவு இயந்திரத்தின் எண்ணெயையும் சில்லுகளையும் கலப்பையையும் பார்வையிடும் கமக்காரர்கள், பற்றறியை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். முதல் மழை பெய்து நிலம் பதப்பட்டதும் இயந்திரத்தைத் தொடக்க முயல்வர். 'டக்' என்னும் ஓர் ஒலி மட்டும் கேட்கும், இயந்திரம் அசையாது. விளக்குகளோ நன்றாகவே எரியும். பற்றறி பழுதாகிவிட்டதென எண்ணிப் புதியதொன்றை வாங்கப் பட்டினத்திற்குப் புறப்படுமுன் அதன் இரு முனைகளையும் பார்த்தல் வேண்டும். அங்கே வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ தூள் பூத்திருக்குமாயின், குறை பெரும்பாலும் அத்தூளிலேயே உள்ளது. அதனை நீக்குதற்குச் சிறிது அப்பச்சோடாவும் அரைமணி நேரமும் போதும்.

விளக்கு எரியும்போது இயந்திரம் ஏன் தொடங்குவதில்லையெனப் பலர் வினவுவர். விளக்குகளுக்கு ஏறத்தாழ 10 அம்பியர் மின்னோட்டம் போதுமானது. 'ஸ்ராட்டர்' எனப்படும் தொடக்கு மோட்டருக்கோ 300 அம்பியர் வரையும் வேண்டியிருக்கும். முனையிற் படிந்த உப்பு, ஓர் ஓமின் நூறிலொரு பங்கு தடையை உண்டாக்குகின்றதென வைத்துக்கொள்வோம். விளக்கின் வழியில் அத்தடை ஓர் உவோற்றின் பத்திலொரு பங்கையே விழுங்கும். அதனைக் கண் அறியாது. மோட்டரின் வழியிலோ 3 உவோற்றை விழுங்கிவிடும். 12 உவோற்றில் இவ்வளவு குறைந்தால் கனமான டீசல் எஞ்சினைச் சுழற்றும் வலு எஞ்சாது. தொடக்க முயன்ற உடனே முனைப்பிடி சூடாயிருப்பின் அதுவும் இக்குறைக்கு அடையாளமாகும்.

பற்றறியினுள்ளே ஈயத்தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. மின்னேறும்போது வெளிப்படும் வாயுக்கள் நுண்ணிய அமிலத் துளிகளையும் உடன் கொண்டுவருகின்றன. இவை ஈயத்தைத் தாக்குமிடத்து வெண்ணிற ஈயச் சல்பேற்றும், செப்புக் கம்பியைத் தாக்குமிடத்து நீலப்பச்சையான செப்புச் சல்பேற்றும் உண்டாகின்றன. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் தெளிக்கும் போர்டோக் கலவையிற் சேரும் மயில்துத்தமும் செப்புச் சல்பேற்றே. ஆயினும் பற்றறியிற் பூத்ததை அத்தேவைக்கு எடுக்க எவரும் எண்ணலாகாது. அதில் ஈயம் கலந்திருத்தலால் அது நஞ்சு. கடற்காற்று வீசும் கரையோர ஊர்களில் இவ்வரிப்பு விரைவாக நிகழும். உரப்பைகளை அடுக்கிய கொட்டிலிலேயே இயந்திரத்தையும் நிறுத்துவது நம்மிடையே உள்ள வழக்கம். அது நல்லதன்று, உரத்தூள் ஈரத்தை ஈர்த்துச் செம்பையும் இரும்பையும் அரிக்கும்.

வயல்களைப் பார்வையிடச் சென்றவிடத்துக் கண்டதொன்றை இங்குக் கூறலாம். ஒரு கமக்காரர் புதிய பற்றறியை வாங்கி, பச்சை படிந்த பழைய பிடிகளையே அதிற் பூட்டியிருந்தார். இரண்டாம் நாளே பழைய குறை மீண்டும் தோன்றியது. பிடிகளைச் சுரண்டித் துப்புரவாக்கியபின், கொட்டிலின் மூலையிற் கிடந்த அவருடைய பழைய பற்றறியே எஞ்சினைத் தொடக்கிற்று.

கழற்றும் முறை

எஞ்சினையும் விளக்குகளையும் நிறுத்துக. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்தல் வேண்டும். பீடியோ சுருட்டோ அருகில் இருத்தலாகாது. பற்றறியிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு ஒரு பொறியிலேயே வெடிக்கக்கூடியது.

இயந்திரத்தின் உடலோடு பிணைக்கப்பட்ட முனையையே முதலிற் கழற்றுக. இதனை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். மற்றைய முனையை முதலிற் கழற்றும்போது ஸ்பானர் இரும்பில் முட்டுமாயின், பற்றறியின் முழு மின்னோட்டமும் அதனூடு பாய்ந்து கையைச் சுடும்; பொறியும் பறக்கும். உடல்முனையைக் கழற்றிவிட்டாலோ அவ்வாறு முட்டினும் தீங்கில்லை. இக்காலத்து இயந்திரங்களில் மறைமுனையே உடலோடு பிணைந்திருக்கும். 1950, 1960களில் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய உழவு இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனை அவ்வாறிருந்தது. ஆதலால் குறியை மட்டும் நம்பாது, வடம் எங்கே செல்கின்றதெனக் கண்ணாற் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

பிடி இறுகியிருந்தால் சுத்தியலால் அடித்தலும் நெம்புகோலால் நெம்புதலும் கூடா. முனைத்தண்டு தளர்ந்து, அதனடியில் அமிலம் கசியும் வழி உண்டாகிவிடும். கீழே கூறப்படும் சோடா நீரை ஊற்றிச் சிறிது பொறுத்தபின் மெல்லத் திருகி எடுக்க.

கழுவும் முறை

பற்றறியின் மூடிகள் யாவும் இறுக மூடியிருத்தல் வேண்டும். சோடா உள்ளே சென்றால் அமிலம் கெட்டுவிடும். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, முனைகளிலும் பிடிகளிலும் ஊற்றுக. நுரை பொங்கும். நுரைத்தல் நிற்கும்வரை திரும்பவும் ஊற்றிப் பழைய பற்தூரிகையால் தேய்த்து, நல்ல நீராற் கழுவித் துணியால் உலர்த்துக. தூளை உலர்ந்த நிலையிற் சுரண்டுதல் கூடாது. ஈயத்தூள் மூச்சோடு உட்செல்லும். கிணற்றடியிலும் காய்கறிப் பாத்தியருகிலும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலும் இவ்வேலையைச் செய்யலாகாது. முடிந்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியே உணவைத் தொடுதல் வேண்டும். அமிலம் கண்ணிற் பட்டுவிட்டால் கசக்காது, ஓடும் நீரால் 15 நிமிடங்களுக்குக் குறையாமற் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

உலர்ந்த முனைத்தண்டையும் பிடியின் உட்புறத்தையும் அரத்தாளால் ஈயம் மினுங்கும்வரை இலேசாகத் தேய்க்க. கத்தியாற் செதுக்கினால் தண்டு மெலிந்து பிடி பொருந்தாது போகும். உடல்முனை வடத்தின் மறுநுனி இரும்பிற் பூட்டப்பட்ட இடத்தையும் கழற்றித் தேய்த்தல் வேண்டும். இவ்விடத்தைப் பார்ப்போர் மிகச் சிலரே. உறையினுள்ளே கம்பி பச்சையாகி உதிருமாயின் வடத்தை மாற்றுவதே வழி.

பூட்டும்போது உடல்முனை கடைசியாக வரும். சுரைகளை இறுக்கியபின் வாசிலீனையோ கிறீசையோ வெளிப்புறத்தில் மெல்லியதாகப் பூசுக. தேங்காயெண்ணெய் பூசுவாருமுளர், நமது வெயிலில் அது வழிந்தோடிவிடும்.

துப்புரவு செய்து சில வாரங்களுக்குள் மீண்டும் தூள் பூக்குமாயின் வேறு காரணம் உண்டு. பற்றறியில் வெடிப்பு இருக்கலாம். நீர் மிகையாக விடப்பட்டிருக்கலாம். அல்லது மின்னேற்றம் மிஞ்சலாம். எஞ்சின் ஓடும்போது முனைகளிடையே 14 உவோற்றளவு இருத்தல் முறை. 15ஐ எட்டினால் மின்னேற்றியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுக. மூடி திறக்கும் பற்றறிகளில், தகடுகளுக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் உயரத்திற்கு நீர் நிற்றல் வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரையே விடுக. கிணற்று நீரிலுள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும்.

போகம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னும், சூடடிப்பு முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போதும் முனைகளைப் பார்வையிடுக. நெடுநாள் நிறுத்திவைப்பதாயின் உடல்முனையைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு முறை பற்றறிக்கு மின்னேற்றுக.