நீரின் வழியறிய உறையிட்ட டி.என்.ஏ.

கிணற்று நீர் கெட்டால், காரணம் எருக்குழியா, கழிப்பறைக் குழியா, மேட்டு நிலத்து ஓடையா என அறிவது கடினம். நீரின் வழியறிய உப்பும் சாயமும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. ஆயினும் மூன்று இடங்களிலும் ஒரே சாயத்தை இட்டால், கிணற்றுக்கு வந்தது எவ்விடத்துச் சாயம் என்று கூற இயலாது. இக்குறையைப் போக்க வந்தவையே செயற்கை டி.என்.ஏ. தடங்காட்டிகள்.

டி.என்.ஏ. என்பது நான்கு வகை எழுத்துக்களைக் கோத்த இழை போன்றது. 20 எழுத்துக்களைக் கொண்டே ஒரு இலட்சம் கோடிக்கு மேற்பட்ட வரிசைகளை அமைக்கலாம். எனவே ஒவ்வோர் இடத்திற்கும் தனி அடையாளம் இடலாம். இது உயிரன்று, மண்ணில் பெருகாது.

உறை எதற்கு?

மண்ணிலும் நீரிலும் உள்ள நொதிகளும் வெயிலும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும். உறை அதனைக் காக்கும்.

தயாரிக்கும் முறை

2013-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கழகத்தார் வெளியிட்ட முறை வருமாறு:

1. நுண்ணிய சிலிக்கா துகள்களின் மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் உண்டாக்கப்படுகிறது.

2. எதிர்மின்னேற்றமுள்ள டி.என்.ஏ. அதில் ஒட்டிக்கொள்கிறது.

3. அதன்மேல் மற்றொரு சிலிக்கா படலம் வளர்க்கப்படுகிறது.

4. நீர் மாதிரியில் சிக்கிய துகள்களின் உறையை ஃபுளூரைடு கரைசலில் கரைத்து, பி.சி.ஆர். முறையில் டி.என்.ஏ.வைப் பெருக்கி அளவிடுகின்றனர்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட முறையில், மக்கும் பாலிலாக்டிக் அமில உருண்டைகளுக்குள் டி.என்.ஏ.வுடன் இரும்பு ஆக்சைடும் சேர்க்கப்பட்டது. காந்தத்தைக் கொண்டே நீரிலிருந்து அவற்றைத் திரட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

* ஃபுளூரைடு கரைசல் கொடியது. இது ஆய்வகப் பணி, வீட்டில் செய்யலாகாது.

* தடங்காட்டியை இட்டவரே மாதிரி எடுக்கக் கூடாது. கையில் ஒட்டிய துகளே பொய் முடிவு தரும்.

* இடுவதற்கு முன்பே கிணற்று நீரில் ஒரு மாதிரி எடுத்து வைத்தல் வேண்டும்.

* துகள்கள் நீரைப் போலன்றி மண்ணில் தங்கிவிடலாம். ஆகவே, துகள் கிணற்றில் கிடைத்தால் தொடர்பு உண்டு எனலாம். கிடைக்காவிட்டால் தொடர்பே இல்லை எனத் துணிதல் தவறு. அத்தகைய முடிவை நம்பி அந்நீரைக் குடிக்கவும் வேண்டாம்.

தடங்காட்டி வழியைத்தான் சொல்லும். நீர் குடிக்கத்தக்கதா எனச் சொல்லாது. அதற்கு நீர்ப் பரிசோதனையே தேவை. ஐயம் தீரும் வரை குடிநீரைக் கொதிக்க வைத்துக் கிருமிகளை அழியுங்கள். ஆனால் கொதித்தலால் உப்பும் நைட்ரேட்டும் நீங்கா என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.