‘அப்படியொரு ஃபங்ஷன் இல்லை’: இளம் டேட்டாபேஸ் நிரலாளருக்கு



போஸ்ட்கிரெஸில் சராசரியை இரண்டு தசமத்துக்குச் சுருக்கும் ‘ரவுண்ட்’ ஒரு டேபிளில் ஒழுங்காக ஓடும். இன்னொன்றில் ‘அப்படியொரு ஃபங்ஷன் இல்லை’ என்று நின்றுவிடும். இல்லாதது ஃபங்ஷன் அல்ல, தரப்பட்ட வகைகளை ஏற்கும் வடிவம். இன்டிஜர் நெடுவரிசையின் சராசரி நியூமெரிக்காக வரும். டபுள் பிரிசிஷன் நெடுவரிசையின் சராசரி டபுள் பிரிசிஷனாகவே வரும். தசம இடங்களைக் கேட்கும் ‘ரவுண்ட்’ நியூமெரிக்குக்கு மட்டுமே உண்டு. சராசரியை நியூமெரிக்காக மாற்றிக் கொடுத்தால் பிழை தீரும். பெயரில் எழுத்துப்பிழை தேடுவதற்கு முன் ‘பிஜி_டைப்ஆஃப்’ கொண்டு உள்ளீட்டின் வகையைப் பார்ப்பதே முதல் வேலை.

2008-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 8.3, பிற வகைகள் தாமாகவே டெக்ஸ்ட் ஆவதைப் பெரும்பாலும் நிறுத்தியது. அதுவரை ஓடிய பல வினவல்கள் பிழை காட்டின. ஆனாலும் அது சரியான முடிவு. உடனே கத்தும் பிழையைத் திருத்துவது எளிது.

ஆரக்கிளில் சிக்கல் தாமதமாகவே வெளிப்படும். எழுத்துச்சரத்தை எண்ணோடு ஒப்பிட்டால் ஆரக்கிள் சரத்தைத்தான் எண்ணாக மாற்றும். வார்கேர்2 நெடுவரிசையில் கணக்கு எண்கள் இருக்க, மேற்கோள்குறி இல்லாமல் 100 என்று தேடினால், படிக்கப்படும் ஒவ்வொரு வரிசையின் மதிப்பும் மாற்றப்படும். எங்கோ ஒரு ‘12ஏ’ கிடந்தால் ஓஆர்ஏ-01722 வரும். அந்த வரிசையைத் தொடாத எக்ஸிக்யூஷன் பிளானில் வினவல் தப்பித்துவிடும். பிளான் மாறினால், நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே விழும். ‘நேற்று ஓடியதே’ என்ற புலம்பலுக்குப் இதுவும் ஒரு காரணம். எக்ஸிக்யூஷன் பிளானில் நெடுவரிசையைச் சுற்றி ‘டு_நம்பர்’ தெரிந்தால் சந்தேகம் உறுதி. 12.2 முதல் ‘வேலிடேட்_கன்வர்ஷன்’ கெட்ட வரிசைகளைப் பிரித்துக் காட்டும்.

மைஎஸ்க்யூஎல் இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அது பேசாமல் இருந்துவிடும். அங்கே ‘ஏபிசி’ என்ற சரமும் 0 என்ற எண்ணும் சமம். செலக்ட் வினவலில் எச்சரிக்கை மட்டுமே வரும், அதைப் பார்ப்பவர் குறைவு. சர நெடுவரிசையை எண்ணோடு ஒப்பிட்டால் இன்டெக்ஸும் பயன்படாது.

‘காஸ்ட்’ என்று வெளிப்படையாக எழுதுவது அடுத்தவருக்கும் நோக்கத்தைச் சொல்லும். மாற்ற வேண்டியது ஒப்பிடப்படும் மதிப்பை. நெடுவரிசையை மாற்றினால் இன்டெக்ஸ் வீணாகும். போஸ்ட்கிரெஸில் பிழையை அடக்குவதற்காக ‘கிரியேட் காஸ்ட்’ மூலம் மறைமுக மாற்றத்தைத் திரும்பக் கொண்டுவருவது தீர்வாகாது. எண்ணைச் சரமாகச் சேமித்த டேபிள் இருந்தால், அதன் வகையையே திருத்தக் கேட்டு வாதாடுங்கள்.