வீட்டில் கிடக்கும் சரக்கும் நமது கணக்கும்



கடையில் ஒரு டின் பால் இடம் மாறி இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நமக்குப் பதில் வருவதில்லை. கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்குக் கணக்கே இல்லை என்ற இந்த நிலையைப் பற்றி இவ்விதழில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

நாம் வசிக்கும் சுபாங் ஜெயா முன்பு சீஃபீல்டு தோட்டமாக இருந்த நிலம். 1976-ல் வீடமைப்பு துவங்கி ஊராயிற்று. இங்குள்ள பழைய வீடுகளில் பெரும்பாலானவை வரிசை வீடுகள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். காற்றும் வெளிச்சமும் முன்வாசலாலும் பின்வாசலாலும்தான் வரவேண்டும். கார் நிறுத்தும் முன்புறத்தில் காலிப் பெட்டிகளையும், பின்புறத்தில் ஓட்டைத் தேக்சாக்களையும் அடுக்கினால் வீட்டின் மூக்கை நாமே பொத்திவிட்டோம் என்றுதான் பொருள்.

நம் வீட்டுக் கதையையே சொல்கிறோம். சென்ற ஷஃபான் மாதத்தில் மாடிப்படிக்கு அடியைச் சுத்தம் செய்தபோது, பழைய பாய்களுக்குப் பின்னால் பிரிக்காத மூன்று பெட்டிகள் அகப்பட்டன. உள்ளே கைலிகளும் சிறுவர் சட்டைகளும் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முந்திய பெருநாள் சரக்கு. கடையில் இடமில்லாமல் வீட்டுக்குக் கொண்டு வந்து மறந்துவிட்டோம். சரக்கு கிடைத்ததே என்று முதலில் சந்தோஷப்பட்டோம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு வருஷ ஜக்காத் கணக்கிலும் இந்தப் பெட்டிகள் சேரவில்லை அல்லவா?

இங்கேதான் பாடம் இருக்கிறது. நாம் உட்காரும் நாற்காலிக்கும், உடுத்தும் துணிக்கும், சமைக்கும் பாத்திரத்துக்கும் ஜக்காத் இல்லை. ஆனால் விற்பதற்கென்று வாங்கிய சரக்கு கடையில் இருந்தாலும் கட்டிலுக்கு அடியில் இருந்தாலும் வியாபாரப் பொருளே. ஹிஜ்ரி வருஷம் ஒன்று பூர்த்தியாகும் நாளில் அதன் அன்றைய விலையும் கையிருப்புப் பணமும் சேர்ந்து, 85 கிராம் தங்கத்தின் விலையை எட்டினால் 2.5 விழுக்காடு கொடுக்க வேண்டும். வாங்கிய விலையல்ல, அன்று போகக்கூடிய விலையே கணக்கு. விடுபட்டது தெரிந்தால் அதையும் கணக்கிட்டுக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். நாமும் அவ்வாறே செய்தோம். குப்பைக்குள் ஏழைகளின் பங்கும் கிடக்கலாம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

ஆகவே வீட்டை ஒழிக்கும்போது சாமான்களை நான்காகப் பிரித்துக்கொள்வது நலம்.

முதலாவது, விற்பனைச் சரக்கு. இதை எழுதி வைத்துக் கடைக்கே கொண்டுபோக வேண்டும். விலை குறைத்தேனும் விற்றுவிடலாம். தேதி முடிந்த உணவுப் பண்டத்தை விற்கவோ தர்மம் செய்யவோ கூடாது.

இரண்டாவது, பிறர் பொருள். இரவல் வாங்கியது, ஊருக்குப் போனவர் வைத்துவிட்டுப் போனது, இவையெல்லாம் அமானத். காலஞ்சென்ற பெற்றோரின் சாமான்களும் வாரிசுகள் அனைவருக்கும் உரியவை. அவர்கள் சம்மதமின்றி நாமே தூக்கிக் கொடுத்துவிடுவது தர்மமாகாது. வாரிசுகளில் சிறுவர் இருந்தால் அவர்கள் பங்கைத் தொடக்கூடாது.

மூன்றாவது, நமக்குத் தேவையில்லாத நல்ல பொருள். இதைக் கொடுக்கும்போது துவைத்து, பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும். நமக்குத் தந்தால் முகம் சுளித்து வாங்கக்கூடிய பொருளைத் தர்மத்துக்குத் தேடி எடுக்க வேண்டாம் என்பது அல்பகரா அத்தியாயம் 267-ம் வசனத்தின் போதனை. கிழிந்த சட்டை கொடுத்தால் குப்பையை ஏழை வீட்டுக்கு மாற்றினோம் என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

நான்காவது, உண்மையான குப்பை. இதை வைத்திருப்பது ஆபத்து. 2019-ல் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டெங்கி கண்டு, 182 பேர் மரித்தனர். ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். ஏழெட்டு நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிய முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்தும் கழுவ வேண்டும். வேண்டாத வாளியும் டயரும் வீட்டில் இல்லாதிருப்பதே மேல்.

இன்னொரு படிப்பினையும் உண்டு. 2021 டிசம்பர் 18-ந் தேதி பெருமழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தது. மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி உயிர் தப்பினர். தண்ணீர் வடிந்த பிறகு மெத்தைகளும் அலமாரிகளும் தெருவெங்கும் மலைபோல் குவிந்தன. எத்தனை வருஷம் பொத்தி வைத்த பொருள்களோ! ஜாமீன் பத்திரம், வீட்டுப் பத்திரம், கடன் நோட்டு ஆகியவற்றை ஒரே பையில் மேல்மாடியில் வைத்திருப்பவர், ஆபத்து நேரத்தில் அதை ஒரு கையிலும் பிள்ளையை மறு கையிலும் எடுத்துக்கொள்ளலாம்.

சாமான் குறைந்தால் மட்டும் வீடு இன்பமாகிவிடுமா? காலியான இடத்தை என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. வீட்டை நாம் அமைதி பெறும் இடமாக அல்லாஹ் ஆக்கியிருப்பதை அந்நஹ்ல் அத்தியாயம் 80-ம் வசனம் அருட்கொடையாக எடுத்துக் காட்டுகிறது. மாடிப்படிக்கு அடியில் காலியான இடத்தில் நாம் ஒரு சிறு மேஜையும் விளக்கும் வைத்தோம். பிள்ளைகள் அங்கே பாடம் படிக்கிறார்கள். முன்னறையில் சுன்னத் தொழுகைக்கு இரண்டு பாய் விரிக்க இடமிருக்கிறது. விருந்தாளி வந்தால் வீட்டுப் பெண்கள் பரபரப்படைவதில்லை. ஒரு காசு புதிதாகச் செலவழியாமல் வந்த சுகம் இது.

இதற்குக் கடைக்கு லீவு விட வேண்டியதில்லை. வாரம் ஒரு மூலை போதும். வீட்டுப் பெண்களின் சம்மதம் இல்லாமல் அவர்கள் சாமானில் கை வைக்க வேண்டாம். நமது பெட்டிகளில் ஆரம்பிப்போம். ரஜபில் துவங்கினால் ரமலானுக்குள் வீடும் சுத்தமாகும், கணக்கும் சுத்தமாகும்.

நம் இல்லங்களையும் உள்ளங்களையும் வல்ல நாயன் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.